பனியை மறக்கும் விதை

சிங்கப்பூரின் வடகிழக்கே, உபின் தீவை எதிர்நோக்கி அமைந்த கடற்கரை பாசிர் ரிஸ். பாசிர் என்பது மலாய் மொழியில் மணலைக் குறிக்கும் சொல். 1980களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்து புதுநகராக வளர்ந்தபோதும், கடலோரப் பூங்காவும் அதனுள் 6 எக்டேர் அளவுள்ள சதுப்புநிலக் காடும் அங்குப் பேணப்பட்டன. தீவெங்கும் சாலையோரங்களில் குடைவிரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் இம்மண்ணுக்கு உரியவை அல்ல. அமெரிக்க வெப்பநாடுகளைத் தாயகமாகக் கொண்டு 1876இல் சிங்கப்பூருக்கு வந்தவை. அவற்றின் கிளைகளைப் பற்றி வாழும் புறா ஆர்க்கிட் என்னும் செடியோ இம்மண்ணுக்கே உரியது. கடும் வெயிலுக்குப் பின் பெருமழை பொழிந்து காற்று திடீரெனக் குளிர்ந்தால், அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் இச்செடிகள் ஊர்முழுதும் ஒருசேர வெண்ணிறமாய் மலரும். ஒரு நாள் நின்று வாடிவிடும்.

வேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று காலங்களைப் பகுத்துப் பழகிய தமிழருக்கு, ஆண்டு முழுதும் ஒரே வெப்பம் நிலவும் இத்தீவில் பூவுக்குக் காலம் சொல்வது எது என்னும் வினா இயல்பாகவே எழும். சங்கப் புலவர்கள் இவ்வினாவை வேறொரு கோணத்தில் எழுப்பியுள்ளனர். கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிச் சென்ற தலைவன் வாரான். கொன்றை பூத்துவிடும். தலைவி கலங்குவாள். தோழியோ, இது காரன்று, காலமல்லாத மழையைக் கார் என்று மயங்கி மரம் பூத்துவிட்டது எனத் தேற்றுவாள். ‘பருவமன்று என வற்புறுத்தல்’ என இதற்கொரு துறையே உண்டு. மரம் காலத்தை அறியும், அறிவதில் ஏமாறவும் கூடும் என்னும் கருத்து அதில் அடங்கியிருப்பதைத் தமிழாசிரியர் பலரும் மாணவர்க்கு எடுத்துக்காட்டியிருப்பர். பன்னீராண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவை மூடும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அதன் கணக்கும் இவ்வகையில் வியப்புக்குரியதே.

புறா ஆர்க்கிட்டைப் பொறுத்தவரை கணக்குச் சுருக்கமானது. அதன் அரும்புகள் முன்னரே உருவாகி உறங்கிக் கிடக்கின்றன. மழையின் குளிர்ச்சி தட்டி எழுப்ப, அவை முதிர்ந்து மலர ஒன்பது நாள் ஆகின்றது. பனிநாட்டுச் செடிகளின் நிலை வேறு. இலையுதிர் காலத்தில் விதைக்கப்படும் குளிர்காலக் கோதுமை, வாரக்கணக்கில் பனியில் கிடந்தாலன்றிக் கதிர்விடாது. பனி நீங்கி நெடுநாள் கழித்தே கதிர் வெளிப்படுகின்றது. ஆகவே குளிர் தன்னைக் கடந்து சென்றதை அப்பயிர் எங்கோ குறித்து வைத்திருத்தல் வேண்டும். குளிரால் பூக்கும் ஆற்றல் பெறுகின்ற இந்நிகழ்ச்சியைத் தட்பப்பதனம் என்பர். செருமானிய அறிஞர் காஸ்னர் 1918இல் இதனை முறையாக ஆராய்ந்து எழுதினார்.

அறிவியல் வரலாற்றில் இச்சிறு நிகழ்ச்சியைப் போல் மனித உயிர்களைக் காவுகொண்டது வேறு அதிகமில்லை. 1920களின் பிற்பகுதியில் சோவியத் நாட்டு வேளாண் அறிஞர் துரோபிம் லைசென்கோ தட்பப்பதனத்தைத் தம் கொடியாக ஏந்தினார். விதையை நனைத்துக் குளிரூட்டி விதைத்தால் விரைந்து கதிர்விடும் என்பதோடு அவர் நின்றிருந்தால் வழக்கொன்றும் இல்லை, அது உண்மையே. ஆனால், குளிர்காலக் கோதுமையை இவ்வாறு பதப்படுத்திப் பதப்படுத்தி வேனிற்கோதுமையாகவே மாற்றிவிடலாம், பெற்ற பண்பு வழிவழியாகத் தொடரும் என அவர் முழங்கினார். ஆட்சியாளர் அதனை விரும்பிக் கேட்டனர். எதிர்நின்ற மரபியல் அறிஞர்கள் பதவி இழந்தனர். உலகெங்கும் சுற்றிப் பயிர் விதைகளைத் திரட்டிய நிக்கலாய் வாவிலோவ் 1940இல் சிறைப்பட்டு, 1943இல் சராத்தோவ் சிறையில் மாண்டார். 1948இல் மரபியல் அந்நாட்டில் அதிகாரப்பூர்வமாகவே பழிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டது.

தாய்ச்செடி கண்ட பனியை மகச்செடி அறியாது என்பதே வாவிலோவ் போன்றோர் தரப்பின் உண்மை. ஒவ்வொரு தலைமுறை விதையும் பனியைப் புதிதாகக் காண வேண்டியுள்ளது. ஆனால் ஏன் அவ்வாறு என்பதற்கு அன்று யாரிடமும் விடையில்லை. ஒரு செடியின் உடலில் மாதக்கணக்கில் நிலைத்து நிற்கும் நினைவு, விதையாகும்போது மட்டும் எவ்வாறு மறைகின்றது? அந்த மறதியும் ஒரு தொழில், அதனைச் செய்யும் மரபணுக்கள் தனியே உள்ளன என்று அறிய 2004 தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று. அவ்வரலாற்றில் பனியே காணாத சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு.

கதையின் தொடக்கம் மிகப் பழையது. 1884இல் ஆல்பிரெக்ட் கோசெல் என்னும் செருமானிய வேதியியலார் வாத்தின இரத்த அணுக்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து அதற்கு ஹிஸ்டோன் எனப் பெயரிட்டார். மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழை இப்புரத உருண்டைகளின்மீதே சுற்றப்பட்டுள்ளது என்பது பின்னர் விளங்கிற்று. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருண்டையைச் சுற்றி இழையின் 147 எழுத்துகள் அமையும். ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு வால் வெளியே நீண்டிருக்கும். அவ்வால்களில் அசிட்டைல், மீத்தைல் ஆகிய சிறு வேதித் தொகுதிகள் ஒட்டப்படுகின்றன என்பதையும், அவை மரபணுவின் வேலையைக் கட்டுப்படுத்தக்கூடும் என்பதையும் 1964இல் வின்சென்ட் ஆல்ஃப்ரேயும் அவர் குழுவினரும் எடுத்துரைத்தனர்.

தமிழாசிரியர்க்கு இதனை ஓலைச்சுவடி கொண்டு விளக்குவது எளிது. சுவடியின் எழுத்து மாறுவதில்லை. எந்த ஏட்டை விரித்துப் படிக்க வேண்டும், எதனைக் கட்டி வைக்க வேண்டும் என்று காட்டும் குறிகள் மட்டும் மேலே இடப்படுகின்றன. மூன்றாம் வகை ஹிஸ்டோனின் வாலில் நான்காம் இடத்து லைசினில் மீத்தைல் குறி இருந்தால் அம்மரபணு படிக்கப்படும். இருபத்தேழாம் இடத்தில் மும்மடங்காக அக்குறி இருந்தால் அது மூடப்படும். இவ்விரு இடங்களையும் மனத்தில் நிறுத்தினால் மேல்வருவன விளங்கும்.

அசிட்டைல் குறி கரும்பலகைச் சுண்ணக்கோடு போன்றது, இடவும் அழிக்கவும் எளிது என்று ஆய்வாளர் தெரிந்துகொண்டனர். மீத்தைல் குறியோ எழுத்தாணிக் கீறல் என்றே நம்பினர். கரியணுவுக்கும் நைட்ரசன் அணுவுக்கும் இடைப்பட்ட அப்பிணைப்பு வலியது. ஹிஸ்டோன் எவ்வளவு காலம் நிலைக்கின்றதோ அவ்வளவு காலம் மீத்தைலும் நிலைக்கின்றது என அளவீடுகளும் காட்டின. 1973இல் ஊன் கி பேக், சாங்டுக் கிம் என்னும் கொரிய அறிஞர் இருவர், ஹிஸ்டோனிலிருந்து மீத்தைலை நீக்கும் நொதிச் செயல் ஒன்று உண்டு என அமெரிக்காவிலிருந்து எழுதினர். நொதியின் உருவத்தை அவர்களால் தனித்துக் காட்ட இயலவில்லை. ஆகவே அவர்கள் கூற்று மேலும் முப்பதாண்டு அரங்கேறாமலே கிடந்தது. அழிப்பான் இல்லை என்பது, தேடியும் காணாததால் மட்டும் எழுந்த நம்பிக்கை. அது பாடநூல்வரை சென்று உறைந்தது வியப்பன்று, வருந்தத்தக்கது.

2004 டிசம்பரில் அந்நம்பிக்கை உடைந்தது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் யாங் ஷி என்பாரின் குழுவினர், மனித உயிரணுவில் உள்ள எல்.எஸ்.டி.1 என்னும் புரதம் நான்காம் இடத்து மீத்தைலை நீக்குவதைச் சோதனைக் குழாயிலேயே மெய்ப்பித்தனர். அடுத்து, 2006இல் வட கரோலினாவில் யி ஷாங் என்பாரின் குழு, முற்றிலும் வேறான இரும்பு சார்ந்த நொதிக் குடும்பம் ஒன்றைக் கண்டது. அதன் பெயர் ஜுமோன்ஜி. சப்பானிய மொழியில் சிலுவை வடிவ எழுத்தைக் குறிக்கும் சொல் அது. இம்மரபணு பழுதான எலிக் கருவில் நரம்புத் தகடு சிலுவை வடிவாகப் பிளவுபட்டதால் 1995இல் அப்பெயர் வந்தது. எல்.எஸ்.டி.1 ஆல் ஆகாத மும்மடங்குக் குறியையும் இக்குடும்பத்தினர் சிலர் அழிக்கவல்லர் என்பது அவ்வாண்டிலேயே தெளிவாயிற்று.

பயிர்களின் பக்கம் இதே உண்மை வாயிற்படிவரை வந்து நின்றிருந்தது என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியே உலகத் தாவர ஆய்வாளரின் எலி, முயல் எல்லாம். அதில் எஃப்.எல்.சி. என்றொரு மரபணு உண்டு; 1999இல் கண்டறியப்பட்டது. அதன் வேலை பூவாது தடுத்தல். வாயிற்காவலன் போல் அது விழித்திருக்கும்வரை செடி இலைவிடுமேயன்றிப் பூவாது. நீண்ட குளிர் அக்காவலனை உறங்க வைக்கின்றது. அதாவது அம்மரபணுவின்மேல் இருபத்தேழாம் இடத்து மூடல் குறிகள் ஏறுகின்றன. பனி நீங்கிய பின்னும் அக்குறிகள் நிலைத்திருப்பதே தட்பப்பதனத்தின் நினைவு. 2004இல் இங்கிலாந்தில் கரோலின் டீன் குழுவும், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரிச்சர்ட் அமசினோ குழுவும் ஹிஸ்டோனின் மீத்தைல் குறிகளே இந்நினைவைத் தாங்குகின்றன எனக் காட்டின.

அந்த அமசினோவின் ஆய்வகத்தில் அப்பொழுது பணியாற்றியவர் ஹெ யுவேஹுய். குளிர் இல்லாமலும் எஃப்.எல்.சி.யை அடக்கும் மரபணு ஒன்றை, எஃப்.எல்.டி. என்பதனை, அவர் ஆராய்ந்தார். மனித உடலில் ஹிஸ்டோன் குறிகளைத் திருத்தும் கூட்டத்தில் காணப்படும் ஒரு புரதத்துக்கு இது உறவு என 2003இல் அவர்கள் எழுதினர். மறு ஆண்டு பாஸ்டனில் மீத்தைல் நீக்கி என்று உலகம் அறிந்த எல்.எஸ்.டி.1 அதே புரதந்தான். அதன் உறவினர் செடியில் பூக்கும் காலத்தை ஆள்வது, அதன் தொழில் இன்னதென்று தெரிவதற்கு ஓராண்டு முன்பே தெரிந்துவிட்டது.

ஹெ யுவேஹுய் பின்னர் சிங்கப்பூருக்கு வந்தார். பாசிர் ரிஸ்ஸில் புறப்படும் கிழக்கு மேற்கு ரயில் தீவைக் குறுக்கே கடந்து மேற்கே கிளமெண்டியை அடைகின்றது. அதற்கு அண்மையில், கெண்ட் ரிட்ஜ் குன்றில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் உள்ளது. 2002இல் நிறுவப்பெற்ற தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகமும் அவ்வளாகத்திலேயே இயங்குகின்றது. வெளியே புழுக்கம், உள்ளே குளிரூட்டிய வளர்ப்பறைகளில் பனிநாட்டுச் செடி என்பது அங்கு அன்றாடக் காட்சி. 2007இல் அமசினோவுடன் சேர்ந்து அவர் குழு வெளியிட்ட கட்டுரை, அரபிடாப்சிஸில் எல்.எஸ்.டி.1இன் உறவினராகிய எல்.டி.எல்.1, எல்.டி.எல்.2 ஆகிய இரு மரபணுக்கள் எஃப்.டி.யின் காவலனான எஃப்.எல்.சி.யின்மேல் உள்ள நான்காம் இடத்துக் குறியைக் குறைத்து அதனை அடக்குகின்றன, எஃப்.எல்.டி.யும் இவ்வேலையில் துணைநிற்கின்றது என்று காட்டிற்று. எஃப்.டி. என்பது பூக்கத் தூண்டும் மரபணு. இவ்வழிப்பான்கள் பழுதானால் செடி காலந்தாழ்த்திப் பூக்கும்.

அழிப்பான் பூவை விரைவுபடுத்தும் என்று இதனைக் கொண்டு பொதுவிதி வகுத்துவிடலாகாது. 2010இல் அதே குழு தாவரங்களுக்கே உரிய ஜுமோன்ஜி நொதி ஒன்றைப் பற்றி எழுதியது. அதுவும் நான்காம் இடத்துக் குறியையே நீக்குகின்றது. ஆனால் அதன் விளைவு பூத்தலைத் தள்ளிப்போடுதல். எழுதுகோலின் குணத்தைவிட அது எந்த ஏட்டில் தொடுகின்றது என்பதே பெரிது. கொரிய ஆய்வாளர் 2004இல் கண்ட எல்ஃப்-6, ரெஃப்-6 என்னும் நெருங்கிய உறவினர் இருவரும் இதற்குச் சான்று. எல்ஃப்-6 பழுதானால் செடி முந்திப் பூக்கும். ரெஃப்-6 பழுதானால் பிந்திப் பூக்கும். இவற்றுள் ரெஃப்-6 இருபத்தேழாம் இடத்து மூடல் குறியை அழிப்பது என 2011இல் பெய்ஜிங்கில் காவ் சியாவ்ஃபெங் குழு நிறுவியது. நெல்லிலும் இக்குடும்பம் உண்டு. ஜே.எம்.ஜே.706 என்னும் அதன் ஜுமோன்ஜி மரபணு பழுதானால் நெற்பூவின் உறுப்புகள் சீர்குலைகின்றன என 2008இல் சீன ஆய்வாளர் கண்டனர். அரிசி உண்போர்க்கு அது சிறு செய்தியன்று.

தெமாசெக் ஆய்வகத்தில் தோஷிரோ இத்தோ என்னும் சப்பானிய அறிஞர் நடத்திய குழுவின் பணி இத்தீவுக்கு இன்னும் நெருக்கமானது. பொதுவாக வெப்பம் கூடினால் அரபிடாப்சிஸ் முந்திப் பூக்கும். ஆயின் அளவுமீறி முந்துவது செடிக்கு நல்லதன்று. முழு வளர்ச்சி பெறாமலே அது விதைக்கப் புகுந்துவிடும். இதனைத் தடுக்க ஜே.எம்.ஜே.30, ஜே.எம்.ஜே.32 என்னும் இரு அழிப்பான்கள் எஃப்.எல்.சி.யின்மேல் உள்ள மூடல் குறியை நீக்கிக் காவலனை விழித்திருக்கச் செய்கின்றன. அவ்விரண்டும் பழுதான செடிகள் வெப்பம் மிகுந்த அறையில் பிற செடிகளை முந்திப் பூத்தன. வெப்பம் கூடும்போது ஜே.எம்.ஜே.30 புரதம் சிதையாமல் நிலைத்து நிற்பதையும் 2014இல் அவர்கள் வெளியிட்டனர். சோதனைக்கு அவர்கள் கொண்ட மிகு வெப்பம் 29 பாகை செல்சியஸ். பாசிர் ரிஸ் கடற்கரையில் அது வெறும் முற்பகல் வெப்பம்.

அதே ஆண்டு இத்தோவின் குழு இன்னொன்றும் காட்டியது. பூவின் நடுவே உள்ள வளர்முனை குறித்த நேரத்தில் வளர்ச்சியை நிறுத்தினால்தான் பூவுறுப்புகளின் எண்ணிக்கை சரியாக அமையும். அந்நேரத்தைக் கணக்கிடுவது ஒரு மரபணுவின்மேல் உள்ள மூடல் குறியின் தேய்வு. குறியிடும் கூட்டத்தை வேறொரு புரதம் விரட்டிவிட, உயிரணு பிளவுபடப் பிளவுபடக் குறி நீர்த்துப்போகின்றது. ஏறத்தாழ இரு நாளில் மரபணு விழிக்கின்றது. அழிப்பான் தொட்டு அழிப்பது ஒரு வழி, அழிப்பான் இன்றித் தேய்ந்தழிவது மற்றொரு வழி எனக் குறி நீங்கும் இரு நெறிகளும் கெண்ட் ரிட்ஜில் ஒரே ஆண்டில் விளக்கம் பெற்றன.

இனி லைசென்கோவின் வழக்குக்கு வரலாம். 2014இலேயே இங்கிலாந்தின் நார்விச் நகரில் கரோலின் டீன் குழுவினர் ஒரு விந்தையான செடியைக் கண்டனர். அதன் தாய் பனி கண்டது; மகச்செடியோ பனி காணாமலே, எஃப்.எல்.சி. முழுதும் விழிக்காத நிலையில் பிறந்தது. தாயின் பனியை மகவு ஓரளவு நினைவில் வைத்திருந்தது. காரணம் தேடியபோது எல்ஃப்-6 மரபணுவில் ஒரு பழுது வெளிப்பட்டது. நலமுள்ள எல்ஃப்-6 இருபத்தேழாம் இடத்து மூடல் குறியை இனப்பெருக்கக் காலத்தில் அழித்துவிடுவதால்தான் ஒவ்வொரு விதையும் பனியறியாது பிறக்கின்றது. லைசென்கோ கோதுமையில் நிகழும் என்று வாதித்தது, அரபிடாப்சிஸில் அழிப்பான் கெட்டபோது அரைகுறையாக நிகழ்ந்தது. வாவிலோவ் இறந்து 71 ஆண்டு ஆகியிருந்தது.

சிங்கப்பூரிலிருந்து ஷாங்காய் சென்ற ஹெ யுவேஹுய் 2017இல் இதன் அடுத்த படியை விளக்கினார். கருவின் தொடக்க நிலையில் லெக்-1 என்னும் புரதம் மூடிக்கிடக்கும் எஃப்.எல்.சி.யைத் தேடிச் சென்று திறக்கின்றது. தெமாசெக் ஆய்வகத்தில் முன்பு குழுவொன்றை நடத்தி வியன்னா சென்ற ஃபிரெடெரிக் பெர்ஜே, தம் குழுவினருடன் 2020இல் தந்தைவழியை ஆராய்ந்தார். ஆண் பாலணுவில் சாதாரண ஹிஸ்டோனுக்கு மாற்றாக, இருபத்தேழாம் இடத்துக் குறியை ஏற்காத தனி ஹிஸ்டோன் ஒன்று அமர்கின்றது. எல்ஃப்-6, ரெஃப்-6, ஜே.எம்.ஜே.13 ஆகிய அழிப்பான்களும் அங்கே துணைவேலை செய்கின்றன. சுவடியின் பழைய குறிகளைத் துடைப்பதோடு நில்லாமல், குறி ஒட்டாத ஏடுகளையே மாற்றி வைப்பது போன்றது இது.

இத்தனை காவலுக்குப் பின்னும் எல்லா நினைவும் அழிந்துவிடுவதில்லை. வெப்பத்தின் நினைவு பனியின் நினைவைப் போன்றதன்று எனச் சீன ஆய்வாளர் 2019இல் காட்டினர். நீண்ட வெப்பம் கண்ட அரபிடாப்சிஸில் ரெஃப்-6 மிகுகின்றது. அது வெப்ப எதிர்ப்பை ஆளும் ஒரு புரதத்தின் மரபணுவைத் திறக்கின்றது. அப்புரதம் திரும்ப ரெஃப்-6ஐத் தூண்டுகின்றது. இச்சுழல் விதைவழி அடுத்த தலைமுறைக்கும் செல்கின்றது. வெப்பமே காணாத அந்த மகச்செடிகள் முந்திப் பூத்தன. நோயை எதிர்க்கும் ஆற்றலும் அவற்றில் குறைந்திருந்தது. பனியை மறக்கச் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த அதே அழிப்பான்தான், வெப்பத்தை நினைவூட்டிக் கொண்டிருந்தது.